நோன்புச் சரடு கட்டிய கப்பல்

ருக்கு பம்பாய் மாட்டுங்காவுக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தன, கணவன் நாணு ஒருவனைத் தவிர. தாதரில் ரயிலை விட்டு இறங்கி, மாமனார் வேங்கடசுப்ரமணியன் பேரம் பேசி அமர்த்திய குதிரை வண்டியில் ஏறி, கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்து வாசலில் இறங்கினாள். கார்த்திகை மாதம், பகல் பதினோரு மணி. படிக்கட்டில் யார் வீட்டுப் பருப்போ வேகும் வாசனை. யுத்தத்துக்காக ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தால் அந்த வெயிலிலும் படிகள் இருண்டு கிடந்தன.

இரண்டாம் மாடியில் கதவைத் திறந்த மாமியார் அபயாம்பாள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தாள். குங்குமம் இருந்தது. "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நாணு சரக்குக் கப்பலில் வயர்லெஸ் உத்தியோகம் பார்த்தவன். கப்பல்காரனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று ருக்கு பிறந்த பாலக்காட்டு நூரணியில் பேசாத வாய் இல்லை. ஆனாலும் நாற்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் கல்யாணம் நடந்தது. தாலியின் முதல் முடிச்சைப் போட்டவன், எந்தக் கயிற்றையும் முடிந்தபின் செய்கிற வழக்கத்தில், சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு இழு இழுத்துப் பார்த்தான். ருக்குவின் மோவாய் வெடுக்கென்று மேலே எழும்பியது. பந்தலே சிரித்தது. மற்ற இரண்டு முடிச்சுகளைப் போட வந்த நாத்தனார் முறைப் பெண்ணுக்குச் சிரிப்பில் கை நடுங்கியது.

ஐந்து மாதம் கழித்து அவன் கப்பல் ஏறினான். மார்கழியில் தந்தி வந்தது. கப்பலைக் காணவில்லை. எந்தக் கடலில் என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம், யுத்த ரகசியமாம். ருக்குவை அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் பிறந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அது தாங்காமல்தான் அவளே கடிதம் போட்டு மாமனாரை வரச்சொல்லிக் கிளம்பி வந்தாள்.

பின்பக்கத்துச் சின்ன அறையில் நாணுவின் மேஜை இருந்தது. மேஜையின் மேல் கப்பலும் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த லீவில் அவன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் போகிற போக்கில் அவன் தலையில் கட்டிவிட்டுப் போனது. திறந்தால் உள்ளே ஒரு முழுப் பாய்மரக் கப்பல், துண்டு துண்டாக. மீனின் முள் மாதிரி நடுக்கட்டை, அதில் பொருத்த வேண்டிய வளைந்த விலாக்கட்டைகள், தீக்குச்சி அகலத்தில் நீள நீளமான பலகைகள், மூன்று பாய்மரங்கள், கடுகை விடக் கொஞ்சம் பெரிய பித்தளை ஆணிகள், துவரம்பருப்பு அளவில் கப்பிகள், பாய்க்கு மெல்லிய துணி, கயிற்றுக்கு நூல்கண்டுகள். எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. நாலாக மடித்த பெரிய படத்தில் எந்த நம்பர் எங்கே என்று போட்டிருந்தது.

அவன் நடுக்கட்டையையும் விலாக்களையும் பொருத்தினான். அவள் நம்பர் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். பலகை ஒட்டத் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் வேண்டும் என்றான். மாட்டுத் தோலில் காய்ச்சுகிற பண்டத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தால் நான் வெளியே போகிறேன் என்றாள் அபயாம்பாள். கடைசியில் சோற்றைக் குழைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துவந்து ஒட்டினார்கள். சோற்றுக் கப்பல் என்று நாணு பெயர் வைத்தான்.

கயிறுகளைப் பற்றி அவன் நிறையச் சொன்னான். "நீ பூத் தொடுக்கற முடிச்சு இதுக்கு ஆகாது. ரெண்டு சுத்து, ஒண்ணுக்குள்ளே ஒண்ணு. இழுக்க இழுக்க இறுகும், தானா அவிழாது" என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினான். இன்னொன்றும் சொன்னான். "பஞ்சுக் கயிறு நனைஞ்சா இறுகும், கேட்டியோ. மழைக்காலத்திலே கயித்தைத் தளர்த்திண்டே இருக்கறதுதான் கப்பல்லே ஜோலி. தளர்த்தல்லேன்னா மரமே முறிஞ்சுடும்." மிச்சத்தைத் திரும்பி வந்து இரண்டு பேருமாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ருக்கு வந்த பத்தாம் நாள் மாமியார் விஷயத்துக்கு வந்தாள். நாணு அவள் கனவில் வருகிறானாம். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். அப்படி நனைந்து நின்றுகொண்டு இரண்டு கையையும் குவித்துக் குடிக்க ஜலம் கேட்கிறானாம். அனந்தநாராயண சாஸ்திரிகளை விசாரித்தாயிற்று. சாஸ்திரப்படி பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும்தான். ஆனால் கப்பல் கம்பெனிக்காரனே இனி ஆள் இல்லை என்று எழுதிவிட்டான். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் கட்டி எரித்துக் காரியம் செய்ய வழி இருக்கிறது.

ருக்கு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். காரியம் என்றால் பத்தாம் நாள் அவள் தாலியை எடுப்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

"உனக்கு நெத்தியிலே குங்குமம் வேணும். அவனுக்கு ஒரு வாய் ஜலம் வேணும். நான் யாரைப் பார்க்கறது, நீயே சொல்லு" என்றாள் அபயாம்பாள். கோபமே இல்லாமல் சொன்னாள். ருக்கு பின்னறையிலிருந்த கப்பலைக் காட்டினாள்.

"அவர் ஆரம்பிச்ச கப்பல் அது. நான் முடிக்கறேன். முடியறதுக்குள்ளே அவர் வரல்லேன்னா நீங்க சொன்னபடி ஆகட்டும்."

வேங்கடசுப்ரமணியன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸில் பத்துக் குமாஸ்தாக்களை மேய்ப்பவர், வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே வாய் திறக்கத் தெரியாதவர். அப்படியே ஆகட்டும் என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அன்றிலிருந்து பிற்பகல்களில் ருக்கு கப்பல் கட்டினாள். மாமனார் ஆபீஸில் இருப்பார். மாமியார் ஒரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பாள். ரேஷன் அரிசியில் ஒரு கை குறைத்துச் சாப்பிட்டு, அந்தச் சோற்றைக் குழைத்துப் பசை பண்ணினாள். பலகையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைத்து, ஒட்டி, ஆணி அடித்தாள். வேலையில் கெட்டிக்காரி. மனம் வைத்தால் இரண்டே மாதத்தில் முடித்திருப்பாள்.

அவள் மனம் வைக்கவில்லை. மூன்று பலகை ஒட்டினால், மாமியார் எழுந்திருப்பதற்குள் இரண்டைப் பெயர்த்தெடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். பன்னிரண்டு வருஷமும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டது. பாவம், வேறு என்ன செய்யும்?

மார்கழியில் ஒரு நாள் அறையைத் திறந்தபோது கெட்டியான கடல் வாசனை அடித்தது. உப்பும் கப்பல் எண்ணெயும் கலந்த வாசனை. நாணுவின் பயணப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது. மேஜையில் கப்பலுக்கு அடியில் வட்டமாக ஈரம்.

முந்தின நாள் பெயர்த்த இரண்டு பலகைகளும் கப்பலில் இருந்தன.

மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மறுபடி இரண்டைப் பெயர்த்து, உள்பக்கம் குங்குமப் பொட்டு வைத்து, பெட்டியில் போட்டு, பெட்டியைப் பீரோவுக்கு மேல் ஏற்றினாள். மறுநாள் பெட்டி பீரோ மேலேயேதான் இருந்தது. திறந்தாள். பலகைகள் இல்லை.

கப்பலின் விலாவுக்குள் விரலை விட்டுத் தடவினாள்.

விரல் சிவப்பாக, ஈரமாக வெளியே வந்தது.

அந்த வாரமே சிரட்டையில் இருந்த பசை காணாமல் போனது. துணி கொண்டு துடைத்த மாதிரி சிரட்டை பளபளத்தது. விளிம்பில் மட்டும் உப்புப் பொரிந்திருந்தது. எறும்போ பல்லியோ தின்றிருக்கும் என்று ருக்கு தானே ஒரு சமாதானம் சொன்னாள். அவளுக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாளோ, அபயாம்பாள் சிரட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எறும்பு இப்படி வழிச்சு நக்காது" என்றாள் மெதுவாக. "கொழந்தைக்குப் பசிக்கறதுடீ."

அன்று முதல் மாமியார் ஒரு டம்ளரில் ஜலம் கொண்டுவந்து கப்பலின் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அது குறைந்திருக்காது. அரை டம்ளராக வைத்தது விளிம்பு தட்டி நிற்கும். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் துப்புவாள். கரிக்கும். கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி நல்ல ஜலம் வைப்பாள். ஒரு நாள்கூட அவன் குடித்ததில்லை.

தை பிறந்தது. பாய்மரங்கள் ஏறின. பக்கத்துக்கு மூன்றாக நூலேணிகள் கட்ட வேண்டும். நூறு நூறு முடிச்சுகள். ருக்கு தனக்குத் தெரிந்த பூத் தொடுக்கும் முடிச்சாகவே போட்டு ஒரு ஏணியை ஆரம்பித்தாள். நாலு படி கட்டிவிட்டு மூன்றை அறுத்துப் போட்டாள்.

மறுநாள் ஏணி முழுசாக இருந்தது. அவள் மிச்சம் வைத்த ஒரு படியைக்கூட யாரோ அவிழ்த்துத் திருத்திக் கட்டியிருந்தார்கள்.

இரண்டு சுற்று. ஒன்றுக்குள் ஒன்று.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அப்படியே மேஜையில் கவிழ்ந்து அழுதாள். அவன் வந்துவிட்டான். உடம்போடு வரவில்லை, சரி. வந்திருக்கிறான் அல்லவா? இந்த முடிச்சை வீட்டில் வேறு யார் போடுவார்கள்?

அதற்கப்புறம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிற்பகல்களில் கதவைச் சாத்திக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். ரேஷனில் அரிசிக்குப் பதில் கம்பு போட்டதையும், துறைமுகத்து டாக்கில் கப்பல் வெடித்தபோது எதிர் வீட்டுக் கண்ணாடியெல்லாம் உடைந்ததாக மாமனார் சொன்னதையும் சொன்னாள். பதில் வராது. ஒரு முறை நூலை ஊசியில் கோத்து மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தபோது மறுமுனை யார் கையிலோ இருந்தது.

அவள் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

நூல் ஒரு இழு இழுபட்டது. சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற இழு.

"ஏன்னா?" என்று கிசுகிசுத்தாள். ஈரக் காற்று ஒன்று கன்னத்தில் பட்டது. நாற்காலியின் இருக்கையில் தண்ணீர் மெல்ல ஊறி, விளிம்புக்கு வந்து, தரையில் சொட்டியது.

மாசியில்தான் அவளுக்குக் கவலை பிடித்தது. கப்பல் வேகமாக வளர்ந்தது. இவள் தொடாத நாளில்கூட ஒரு பாய் கூடியிருந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை திறந்தபோது நடுமரத்தின் மூன்று பாய்களும் கட்டி முடிந்து, ஈரத்தில் கனத்துத் தொங்கின. இவள் அறுத்தால் மறுநாள் இரண்டு பங்காக வேலை நடந்திருக்கும். என்ன அவசரம் என்று கெஞ்சிக் கேட்டாள். பதில் அடுத்த அறையிலிருந்து வந்தது.

"நோக்குக் கேக்கவே இல்லையா?" என்றாள் அபயாம்பாள். "ஒரு மாசமா நான் கேட்டுண்டிருக்கேன். அம்மா ஜலம், அம்மா ஜலம்னு. கப்பல் முடிஞ்சாத்தான் கிடைக்கும்னு நீதானே கெடு வச்சே. அவனும் கேட்டுண்டுதான் இருந்திருக்கான்."

ருக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் வருவதற்காகக் கட்டவில்லை. போவதற்காகக் கட்டிக்கொண்டிருந்தான்.

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தன்னை ஒரு தரம்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறான். துக்கத்தை விடப் பெரிய ஒன்று அவளுக்குள் எழுந்தது. பொறாமை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

மாசிக் கடைசியில் ஒரே ஒரு கயிறு பாக்கி. முன்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் மூக்குக் கட்டை வரை சரிவாக இறங்குவது. அதுதான் மரங்களை எல்லாம் பிடித்து நிறுத்தும் கயிறு என்று நாணு சொல்லியிருக்கிறான். அதைக் கட்ட நூல் இல்லை. அறுத்து அறுத்துப் போட்டதில் பெட்டியில் இருந்த கண்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இரண்டு நாள் கப்பல் அசையாமல் இருந்தது. நாற்காலியிலிருந்து மட்டும் ஈரம் காயவில்லை. காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காரடையான் நோன்பு வந்தது. மாசி போய்ப் பங்குனி பிறக்கிற அந்த நிமிஷத்தில், கணவன் தன்னை விட்டுப் பிரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு சுமங்கலிகள் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் நாள். அந்த வருஷம் மாதம் பிறப்பது பிற்பகல் மூன்று மணிக்கு மேல். அபயாம்பாள் காலையிலேயே குளித்து, காராமணி போட்டு அடை தட்டி, வெண்ணெய் எடுத்து வைத்து, இலைகளில் மஞ்சள் கிழங்கும் பூவும் முடிந்த சரடுகளை வைத்தாள். அம்மனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, ருக்குவுக்கு ஒன்று. பிறகு தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள்.

அதைக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

"இந்த ஒரு கயித்தை நீயே உன் கையாலே கட்டிடு. அவன் போகட்டும்" என்றாள். "நான் பெத்தவ. நானே போகட்டும்னு சொல்றேன்."

ருக்கு சரி என்று தலையை ஆட்டினாள். அபயாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நைவேத்தியத்துக்குப் போனாள்.

கூடத்துக் கடிகாரத்தில் நேரம் நெருங்கியதும் மாமியார் கூப்பிட்டாள். ருக்கு இலையிலிருந்து தன் சரட்டை எடுத்துக்கொண்டாள். நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளை நூல்கண்டு மேஜையின் நடுவுக்கு வந்திருந்தது. மாமியார் வைத்த இடம் அதுவல்ல. நுனி பிரிந்து, நாற்காலிப் பக்கம் நீட்டிக்கொண்டு கிடந்தது.

அவள் அதைத் தொடவில்லை. மஞ்சள் சரட்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியை முன்மரத்து உச்சியில் கட்டி, மூக்குக் கட்டைக்கு இழுத்து, முடிச்சு போட்டாள். தாலிக்குப் போடுவதுபோல ஒன்று. இரண்டு. மூன்று. அன்றைக்கு ஊரிலுள்ள சுமங்கலிகள் எல்லாம் என்ன வேண்டிக்கொண்டார்களோ அதையேதான் அவளும் வேண்டிக்கொண்டாள். ஒருநாளும் என்னைப் பிரியக் கூடாது. மறுபாதியைத் தன் கழுத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

கடிகாரம் அடித்தது.

சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

வெள்ளை நூல்கண்டு உருண்டு கீழே விழுந்தது. கதவு வரை உருண்டு போயிற்று. அதன் பின்னால் தரையில் ஈர அடிகள், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதோடு நின்றுவிட்டன. அதற்கு மேல் போக விடாமல் யாரோ பிடித்து இழுத்தது போல அந்த மூன்றாவது அடி வழுக்கிப் பின்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

கூடத்திலிருந்து அபயாம்பாளின் குரல் வந்தது. "என்னடீ பண்ணினே? அவன் அழறானே."

இந்த முறை ருக்குவுக்கும் கேட்டது.

கப்பல் முடிந்துவிட்டது. சொன்ன வார்த்தையும் இருந்தது. பங்குனி நடுவில் வேங்கடசுப்ரமணியன் சாஸ்திரிகளோடு காரியம் செய்ய வாக்கேஸ்வரத்து பாணகங்கைக் குளத்துக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் மாடி ஏறாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ருக்கு இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பத்திக்கல்லே, கொழந்தே. நாலு தடவை நெய் விட்டுக் கொளுத்தினோம். காஞ்ச தர்ப்பை. உள்ளேர்ந்து ஜலம் வந்துண்டே இருந்தது" என்றார். கடைசியில் அப்படியே மந்திரத்தைச் சொல்லி முடித்துக் குளத்தில் விட்டார்களாம். வைத்த சாதத்தைச் சுற்றி நாற்பது காக்கை உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூட வாய் வைக்கவில்லையாம். யாரோ இவனைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று சாஸ்திரிகள் சொன்னாராம். சொல்லிவிட்டு அவர் மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ருக்குவுக்கு அப்போதே மனம் திரும்பிவிட்டிருந்தது. நோன்பு முடிந்த நாளிலிருந்து பகலெல்லாம் அந்தக் குரல் காதில் விழுந்தது. ஜலம், ஜலம் என்று. ஒரு தரம் "ருக்கு, ஜலம்" என்றும் கேட்டது. அவள் ஆசைப்பட்டபடி அவன் அவள் பேரைச் சொன்ன அன்று அவள் கத்தரிக்கோலை எடுத்துக் கப்பலின் மஞ்சள் கயிற்றை வெட்டினாள். மறுநாள் அது இருந்த இடத்தில் இருந்தது. நாலு நாள் நாலு முறை வெட்டினாள். தன் கையால் தான் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன.

பத்தாம் நாள் விடிவதற்குள் தாலியை எடுத்தார்கள். அவள் அழவில்லை, மறுக்கவில்லை, தானே கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். அதோடு அவனுக்கும் விடுதலை என்று நம்பினாள். நோன்புச் சரட்டையும் சேர்த்து அபயாம்பாள்தான் அறுத்துப் பாலில் போட்டாள்.

மறுநாள் காலை விழித்தபோது கழுத்தில் குளிர்ந்தது.

தாலி இல்லை. மஞ்சள் சரடு மட்டும், சொட்டச் சொட்ட நனைந்து, கழுத்தைச் சுற்றி இருந்தது. பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். நோன்பன்று அவள் போட்ட முடிச்சு அல்ல அது.

இரண்டு சுற்று. ஒன்றுக்குள் ஒன்று.

அபயாம்பாள் வெட்டினாள். மறுநாள் திரும்ப இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமாக. மூன்று தரம் வெட்டிய பிறகு இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது. அதோடு கத்தரிக்கோலை எடுத்துப் பரணில் போட்டார்கள். வேங்கடசுப்ரமணியன் கப்பலை ஒரு பழைய வேஷ்டியில் சுற்றி மாஹிம் கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போய் அலையில் விட்டுவிட்டு வந்தார். அது மிதக்கவில்லை. கல் மாதிரி நேரே போயிற்று என்றார். மேஜையில் அந்த ஈர வட்டம் மட்டும் அதற்கப்புறமும் காயவில்லை.

ஒருவருக்கொருவர் எதிரியாக நின்ற மாமியாரும் மருமகளும் இப்போது ஒரே பாயில் படுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அபயாம்பாளின் முதல் வேலை, சரட்டுக்கும் தொண்டைக்கும் நடுவே விரல் விட்டுப் பார்ப்பது. சித்திரை பிறந்தபோது இரண்டு விரல் போயிற்று. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததென்று ஊரெல்லாம் விளக்குப் போட்ட சித்திரைக் கடைசியில் ஒரு விரல். ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை எல்லோரும் கிழித்துப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில்தான் சரட்டின் மேல் பச்சையாகப் பாசி படிந்திருப்பது தெரிந்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி படிந்திருந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் பம்பாயில் மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம் ஏறியது. உலர்த்திய துணி மூன்று நாளானாலும் காயவில்லை. ருக்கு வெந்நீரும் கஞ்சியும்தான் விழுங்கினாள், அதுவும் மிடறு மிடறாக. அடுப்பின் பக்கத்தில் உட்கார வைத்து, விசிறியால் அனலை வீசி, சரட்டை உலர்த்திப் பார்த்தாள் அபயாம்பாள். நனைந்தால் இறுகும் என்று ருக்குவிடம் அவன்தானே சொன்னான், காய்ந்தால் தளர வேண்டுமே. உலர உலர அது எங்கிருந்தோ நனைந்தது.

இன்று காலை அபயாம்பாள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. இன்னொரு முறை, நகத்தை மட்டும் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே மழை வலுத்தது. ருக்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அபயாம்பாள் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கூடத்தில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாலாவது ஆள் கிடையாது.

பிடரியில் முடிச்சு ஒரு இழு இழுபட்டது.

ருக்குவின் மோவாய் வெடுக்கென்று மேலே எழும்பியது.